டி.வி.யில்தான் கோளாறு

“நாலாவது தடவை வர்றே. வெக்கமா இல்ல?”

கதவைத் திறந்ததும் பெரியவர் இப்படித்தான் வரவேற்றார். டி.வி. மெக்கானிக் செருப்பைக் கழற்றினான். முதல் கம்ப்ளெயின்ட்டே இந்த வீடு என்று தெரிந்ததும் காலையிலேயே அவனுக்குப் பாதி உயிர் போயிருந்தது.

ஹாலில் சுவரை அடைத்துக்கொண்டு புத்தம்புது ஓ.எல்.இ.டி. டி.வி. எதிரே நாற்காலியில் பெரியவரின் மனைவி.

“சினிமா போட்டா படம் ஆடுது. அவளால பத்து நிமிஷம் உக்காந்து பாக்க முடியல.”

“போன தடவையே சொன்னேனே சார். சினிமாவுல செகண்டுக்கு இருபத்திநாலு படம்தான். பழைய டி.வி.யில ஒண்ணு மங்கி இன்னொண்ணு வரும், நமக்குத் தெரியாது. இதுல டக்கு டக்குனு மாறுது. கேமரா மெதுவா திரும்பறப்ப விட்டு விட்டு நகர்ற மாதிரி இருக்கும். அது டி.வி. கோளாறு இல்ல.”

“பாடம் எடுக்காதே. சரி பண்ணு.”

பட ஓட்டத்தைச் சீராக்கும் மோஷன் செட்டிங்கைப் பத்துக்கு ஏற்றினான். திரையில் ஓடிய ரயில் எண்ணெய் தடவியதுபோல் வழுக்கிக்கொண்டு போனது. சினிமா பார்க்க சீரியல் மாதிரி ஆகிவிட்டது, ஆனால் ஆட்டம் சுத்தமாக இல்லை.

“இப்ப எப்படிம்மா?”

“ஆடுது தம்பி.”

ஐந்து வைத்தான். மூன்று வைத்தான். எல்லாவற்றையும் அணைத்தும் பார்த்தான். ஆடுகிறதாம்.

கடைசியில் படத்தையே நிறுத்தினான். ரயில் பாலத்தின்மேல் அசையாமல் நின்றது.

“இப்ப?”

“ஆடுதே.”

மெக்கானிக் திரும்பிப் பார்த்தான். “அம்மா, நான் படத்தை நிறுத்தி வெச்சு...”

“அவதான் ஆடுதுங்கறாள்ல! வேலை தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லிட்டுப் போ!”

பெரியவர் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டுக் கதவு திறந்து மூடியது.

மெக்கானிக்குக்குச் சுள்ளென்று கோபம் ஏறியது. ‘குறை இல்லை’ என்று எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டால் கம்ப்ளெயின்ட் முடிந்தது. கம்பெனி இனி இந்த வீட்டுக்கு ஆளே அனுப்பாது. இன்றோடு தலைமுழுகிவிடலாம் என்று ஜாப் ஷீட்டை எடுத்தான்.

“வாரன்டி கார்டு கொடுங்க சார். நம்பர் எழுதணும்.”

பெரியவர் தயங்கினார். பிறகு பீரோவிலிருந்து டி.வி.யோடு வந்த பிளாஸ்டிக் கவரை எடுத்துவந்து, மனைவிக்கு முதுகு காட்டி நின்று துழாவினார். மடித்த காகிதம் ஒன்று மெக்கானிக்கின் காலடியில் விழுந்தது.

குனிந்து எடுத்தான். ஆஸ்பத்திரிக் கடிதம். அந்த அம்மாவின் தலைக்குள் கட்டி, ஆபரேஷனுக்கு வழியில்லை என்பதுவரை கண்ணில் பட்டுவிட்டது.

பெரியவர் அவன் மணிக்கட்டைப் பிடித்து வாசலுக்கு இழுத்துப் போனார். கத்திய குரல் எங்கே போனதோ.

“டி.வி. நல்லாத்தான் இருக்குப்பா. அவளுக்குத்தான் பாக்கறதெல்லாம் ஆடுது. பேப்பர் ஆடுதுன்னா, கண்ணாடி சரியில்லேன்னேன். டி.வி. ஆடுதுன்னா, உன்னைத் திட்டினேன். வேற யாரைத் திட்டறது, சொல்லு? அவ தொடாத கவர்னுதான் லெட்டரை இதுல ஒளிச்சு வெச்சேன். குறை இல்லேன்னு மட்டும் எழுதிடாதே. அவளுக்குப் புரிஞ்சிடும்.”

மெக்கானிக் ஜாப் ஷீட்டில் என்னவோ கிறுக்கினான். உள்ளே வந்து, அந்த அம்மா காதில் விழும்படி உரக்கச் சொன்னான்.

“சார் சொன்னதுதான் சரி. உள்ள ஒரு போர்டு போயிருக்கு. புதுசு வர நாளாகும். அதுவரைக்கும் நானே வாராவாரம் வந்து பாக்கறேன்.”

“பாத்தியா? நான் அப்பவே சொன்னேன்ல!” மனைவியிடம் ஜெயித்தவர்போல் சொல்லிவிட்டு, கையெழுத்துப் போடக் கண்ணாடியைத் தேடி அறைக்குள் போனார் பெரியவர். கண்ணாடி அவர் சட்டைப் பையில்தான் இருந்தது. உள்ளே மூக்கைச் சிந்தும் சத்தம் கேட்டது.

அந்த அம்மா, நிறுத்திவைத்த ரயிலிலிருந்து பார்வையை எடுக்காமல் குரலைத் தாழ்த்தினார்.

“ரொம்பப் புண்ணியம் தம்பி. மறக்காம வாராவாரம் வந்து அவர்கிட்டத் திட்டு வாங்கிக்கங்க. அந்த லெட்டரை நான் போன மாசமே பாத்துட்டேன். எழுத்தெல்லாம் ஆடுச்சு, ஆனா படிக்க முடிஞ்சுது. அவருக்கு மட்டும் தெரிய வேணாம்.”