ரெண்டு நொடி

“நாலாவது தடவையும் ஃபெயிலா?”

தலைமைப் பொறியாளர் ஹெட்செட்டைக் கழற்றி மேஜைமேல் போட்டாள்.

அந்த ராணுவப் பயிற்சி மையத்தில் மூன்று கூடங்கள். ஒன்றில் ஹெலிகாப்டர், ஒன்றில் டாங்கி, ஒன்றில் பீரங்கி. எல்லாம் கம்ப்யூட்டர் திரையில்தான். மூன்றும் மூன்று கம்பெனிகள் செய்தவை. ஒன்று சொல்வது இன்னொன்றுக்குப் புரியாது. எல்லாவற்றையும் ஒரே மொழி பேச வைக்க அவள் குழு பதினெட்டு மாதமாகப் பாடுபடுகிறது.

சோதிக்க வந்த கர்னலோ ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறார்.

“எல்லாம் ஓடுதே சார். என்னதான் குறை?”

“டாங்கியில இருக்கறவன் ‘சுடாதே’ன்னு சொன்னா, பீரங்கிக்காரனுக்கு ரெண்டு நொடி கழிச்சுத்தான் வருது.”

“வெறும் ரெண்டு நொடி! அதுவும் பயிற்சிதானே சார்?”

“சரி பண்ணுங்கம்மா.” எழுந்து போய்விட்டார்.

“மனசுல பெரிய ஜெனரல்னு நெனப்பு!” புரோகிராமர் பொருமினான். “வேணும்னே இழுத்தடிக்கிறாரு மேடம். போட்டிக் கம்பெனிக்காரன் நல்லா கவனிச்சிருப்பான்.”

அவளுக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. ஆனாலும் மூன்று வாரம் மாங்கு மாங்கென்று உழைத்து, பாதியைப் பிரித்துப் போட்டுத் திரும்ப எழுதினார்கள்.

ஐந்தாவது சோதனை. பீரங்கி இருக்கையில் கர்னலே உட்கார்ந்தார்.

மூன்று கூடத்துத் திரைகளிலும் ஒரே மலை எழுந்தது. முதல் கூடத்து ஹெலிகாப்டரின் நிழல் சரிவில் ஓட, அந்த நிழலுக்குள் புகுந்து ஏறியது அடுத்த கூடத்து டாங்கி. அது கிளப்பிய புழுதி கர்னலின் திரையை மறைத்தது.

“யப்பா!” என்றான் புரோகிராமர். அவளுக்குப் புல்லரித்தது.

“சுடாதே! நம்ம ஆளுங்க!” டாங்கியிலிருந்து குரல் வந்த அதே கணம் பீரங்கித் திரையில் சிவப்பு எச்சரிக்கை மின்னியது. பொத்தானைத் தொடப்போன கர்னலின் விரல் அந்தரத்தில் நின்றது.

பிறகு மளமளவென்று கையெழுத்துப் போட்டார். கண் கலங்கியிருந்தது.

“சார்...” அவள் தயங்கினாள். “நிஜத்துல இப்படி எப்பவாவது...?”

“மூணு பேரும்மா. முந்தின நாள் என்கூட ஒரே தட்டுல சாப்பிட்டவங்க. தகவல் ரெண்டு நொடி லேட்டு.”

“நம்ம ஆளுங்கன்னுகூடப் பார்க்காம எந்தப் பாவி சார் சுட்டான்?” புரோகிராமர் கொதித்தான்.

கர்னல் பேனாவை மூடினார்.

“இப்ப கையெழுத்துப் போட்டுச்சே, இதே கைதாம்பா.”