மிளகாய் மண்டிக்கு ஒரு வெப்சைட்

"பத்தாயிரம்னா, அது எப்படி பத்தாயிரம் ஆச்சு தம்பி?"

லிங்கராஜ் கையிலிருந்த டீ டம்ளரை மேசையில் வைத்தான். எதிரே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த பெண்ணுக்கு நாற்பது வயது இருக்கும். மடியில் ஒயர்கூடை, முகத்தில் பஸ்ஸில் வந்த புழுதி. பேர் இசக்கிச்செல்வி என்றாள். விளாத்திகுளத்தில் ஒரு மிளகாய் மண்டிக்கு வெப்சைட் வேண்டுமாம். என்ன விலை ஆகும் என்று கேட்டுக்கொண்டேதான் மாடி ஏறி வந்தாள்.

அவனும் பட்டென்று பத்தாயிரம் என்று சொல்லிவிட்டான். சொன்ன பிறகுதான் கூடுதலாகக் கேட்டுவிட்டோமோ என்று தோன்றியது. கோவில்பட்டியில் கீரைக்கட்டு வாங்குகிறவர்கள்கூட பாதி விலையில்தான் பேச்சையே ஆரம்பிப்பார்கள். போதாததற்கு, கொஞ்ச காலமாக வருகிறவர்கள் எல்லாரும் ஒரே பாட்டைப் பாடினார்கள்: "எட்டயபுரத்துல ஒருத்தர் ரெண்டாயிரத்துக்குச் செஞ்சு குடுக்காராம்லா."

அந்த ஒருத்தர் யாரென்று லிங்கராஜுக்குத் தெரியாது. ஆனால் தீப்பெட்டி ஆபீஸ், பாத்திரக்கடை, கல்யாண மண்டபம் என்று கைக்கு எட்டியதையெல்லாம் அந்த ஆள்தான் வாய்க்கு எட்டாமல் செய்துகொண்டிருந்தான்.

இந்த மாதமும் வேலை அமையாவிட்டால் பிரவுசிங் சென்டர் மாடியிலிருக்கும் இந்த அறையைக் காலிசெய்துவிட்டு, சென்னையில் ஒரு கம்பெனியில் போய்ச் சேர வேண்டியதுதான். மனைவி சுகுணாவுக்கு இங்கே பள்ளிக்கூட வேலை. ஆளுக்கொரு ஊரில் கிடக்க வேண்டும். அப்படியும் காலையில் அவள் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பியிருந்தாள், "இங்கனயே இருக்கணும்னு ரெண்டாயிரத்துக்கு ஒத்துக்கிட்டு வந்துராதீங்க. அதுக்கு நீங்க சென்னைக்கே போகலாம்."

"சொல்லுதேங்க்கா," என்றான் லிங்கராஜ். "மொதல்ல பேரைப் பதியணும். பெறகு நெட்டுல இடம் வாடகைக்கு எடுக்கணும். அதுக்கே வருசத்துக்கு ஆயிரத்து ஐநூறு ஓடிரும்."

"ஆமா. அப்புறம்?"

"மண்டிக்கு நேர்ல வந்து போட்டோ எடுக்கணும். எழுத வேண்டிய விவரத்தை அவியளா தர மாட்டாவ, நாமதான் கேட்டுக் கேட்டு வாங்கணும். நடுவுல கரண்ட் போச்சுன்னா செஞ்சதையே திரும்பச் செய்யணும். எல்லாம் முடிஞ்ச பெறகு, முதலாளி தன் போட்டோவை மாத்தச் சொல்லுவாரு."

"மாத்திக் குடுத்தா, மொதல்ல வச்சதே நல்லாருந்துச்சும்பாவ."

லிங்கராஜுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மண்டி முதலாளியை நன்றாக அறிந்தவள் போலிருக்கிறது.

"அதேதாங்க்கா. ஒரு மாசம் போயிரும். கொத்தனாரு கூலி கேட்டா பேசாம எடுத்துக் குடுக்கோம். நாங்க உக்காந்து செய்யுததால இது யாருக்கும் வேலையாவே தெரிய மாட்டேங்கு."

அவள் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிக்கொண்டிருந்தாள். மனதுக்குள் கணக்குப் போடுகிறாள் என்று நினைத்தான். எட்டாயிரம் என்று கேட்பாளோ, ஆறு என்று கேட்பாளோ. அவள் கேட்பதற்கு முன்னால் நாமே இறங்கிவிடலாமா என்று இருந்தது. வந்த ஆளை விட்டுவிட்டு அப்புறம் யாரைத் தேடுவது?

"மண்டிக்காரவிய ரெண்டாயிரத்துக்கு மேல ஒரு பைசா தர மாட்டேன்னு நின்னா, என்ன சொல்லுவீங்க?"

இதோ, இவளும் வந்துவிட்டாள் அந்த இடத்துக்கு. லிங்கராஜுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவள் மேல் இல்லை.

"முடியாதும்பேன். அந்த எட்டயபுரத்தான்கிட்டயே போங்கன்னு சொல்லிருவேன். அவனுக்கு என்னக்கா, சோலியத்தவனா இருப்பான், பொழுதுபோகச் செய்யுதான். அவனும் சம்பாதிக்க மாட்டான், அடுத்தவனையும் சம்பாதிக்க விட மாட்டான். செலவெல்லாம் போக கையில என்ன நிக்குதுன்னு ஒரு நாளாச்சும் கணக்குப் பாத்திருப்பானா?"

சொல்லி முடித்ததும் பகீரென்றது. வந்த ஒரே ஆளையும் வாயாலேயே விரட்டியாயிற்று. சென்னைக்கு டிக்கெட் எடுத்துவிட வேண்டியதுதான். ஆனாலும் விலையைக் குறைக்க அவனுக்கு வாய் வரவில்லை.

இசக்கிச்செல்வி மெதுவாக எழுந்து கூடையைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"பாக்கல தம்பி," என்றாள். "மொத மொதல்ல செஞ்சு குடுத்தப்போ என்ன கேக்கன்னு தெரியாம, நீங்களே பாத்துக் குடுங்க அண்ணாச்சின்னு சொல்லிட்டேன். அவிய ரெண்டாயிரம் குடுத்தாவ. அதுதான் இதுக்கு விலை போலன்னு நெனச்சு, எட்டயபுரத்துல இருந்துக்கிட்டு இன்னிக்கு வரைக்கும் எல்லாருக்கும் அதே விலைக்குச் செஞ்சுக்கிட்டிருக்கேன்."

லிங்கராஜ் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தான்.

"நாளைக்கு மண்டியில போயி பத்தாயிரம்னு சொல்லப் போறேன்," என்றவள் வாசலில் நின்று திரும்பினாள். "அவிய அடுத்து உங்ககிட்டதான் வருவாவ. நீங்க கொறைச்சிராதீங்க தம்பி."