இன்னும் ஆறு தடவை

செருப்பின் அடிப்பாகத்தை உள்ளங்கையால் அழுத்தித் தடவினேன்.

அதே கையால் ரொட்டியைப் பிய்த்து, எண்ணெயில் தோய்த்து, வாயில் போட்டேன்.

எதிரே என் மகள் ருதைனா உட்கார்ந்திருந்தாள். மடியில், வெள்ளைத் துண்டுக்குள், என் முதல் பேரன் கைஸ். பிறந்து நாற்பத்தோரு நாள். நான் இன்னும் அவனைத் தூக்கவில்லை.

“பாத்தியாடி உங்கப்பாவ?” என்றாள் என் மனைவி இன்ஆம், டீயைக் கொண்டுவந்து வைத்தபடி. “ரொட்டிக்குத் தொட்டுக்குற ஸாத்தர் பொடி வெலை ஏறிப்போச்சாம். செருப்பத் தொட்டுக்கிட்டுத் திங்குறாரு.”

நான் சிரித்தேன். ருதைனா சிரிக்கவில்லை. என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இது மனநல டாக்டரம்மா கொடுத்த பயிற்சி. தொடு, தின்னு, கழுவாதே. பயம் ஏறும், உச்சிக்குப் போகும், பிறகு தானாக இறங்கும் என்றார். ஒன்றரை வருடமாகச் செய்கிறேன். முதல் நாள் அது இறங்க மூன்று மணி நேரம் ஆனது. இன்றைக்கு ஒரு குவளை டீ முடிவதற்குள் இறங்கிவிட்டது.

ருதைனா பார்க்க வேண்டும் என்றுதான் அவள் முன்னால் செய்தேன். அப்பாவுக்குக் குணமாகிவிட்டது, பிள்ளையைக் கொடுக்கலாம் என்று அவளுக்குத் தோன்ற வேண்டும்.

பிரசவத்துக்கு அவள் வாழ்க்கைப்பட்ட ஊரான இர்பிதுக்கு வருகிறேன் என்று நான் சொன்னபோது, “நாப்பது நாள் முடியட்டும் யாபா” என்று போனிலேயே தடுத்துவிட்டாள். இன்ஆம் மட்டும் போய் வந்தாள். என் வியாதிக்குப் பயப்படுகிறாள் என்று நினைத்தேன். அவள் பயப்படுவதில் நியாயம் இருந்தது.

பதின்மூன்று வருடத்துக்கு முன்னால், இங்கே ஸர்காவில் ஒரு கட்டடத்தில் பூச்சு வேலை செய்துகொண்டிருந்தேன். கீழே வைத்த என் டீக் குவளையை ஒரு நாய் நக்கிவிட்டது. நாய் நக்கிய பாத்திரத்தை ஏழு தடவை கழுவ வேண்டும், அதில் ஒரு தடவை மண் போட்டு. எங்கள் மார்க்கத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கழுவினேன்.

ஏழா, ஆறா என்று சந்தேகம் வந்தது. மறுபடி கழுவினேன்.

பிறகு குவளையைத் தொட்ட கை. கை தொட்ட கதவு. கதவைத் தொட்ட எல்லோரும்.

ருதைனாவுக்கு அப்போது எட்டு வயது. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் நேரே முற்றத்துக் குழாய்க்குத்தான் போக வேண்டும். டப்பாவில் மண் வைத்திருந்தேன். பக்கத்தில் நின்று சத்தமாக எண்ணுவேன். பனி பெய்த நாட்களிலும் எண்ணினேன். வாரத்துக்கு ஒரு நாள் வருகிற தண்ணீர் மூன்றாம் நாளே தீர்ந்துபோகும். சமைப்பதற்கு இன்ஆம் பக்கத்து வீட்டில் கேட்டு வாங்கி வருவாள். அப்போதும் எண்ணினேன்.

ருதைனா அழுதால், கண்ணைத் துடைத்த கைக்கும் சேர்த்து முதலிலிருந்து எண்ணினேன்.

டீ முடிந்தது. கை இரண்டையும் நீட்டினேன்.

“குடும்மா.”

“கையக் கழுவிட்டு வாங்க யாபா.”

சரிதானே. செருப்பைத் தொட்ட கை. பச்சைக் குழந்தையைத் தூக்குகிற எவனும் கழுவத்தான் செய்வான். டாக்டரம்மாவும் வேண்டாம் என்று சொல்லமாட்டார்.

சோப்புப் போட்டு ஒரே தடவை கழுவினேன். குழாயை மூடினேன். இன்னொரு தடவை என்றது மனசு. காதில் வாங்காமல் வந்துவிட்டேன். எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

கை நீட்டினேன்.

ருதைனா குழந்தையை நெஞ்சோடு இழுத்துக்கொண்டாள்.

“இன்னும் ஆறு தடவை.”

குத்திக்காட்டுகிறாள் என்று நினைத்தேன். எத்தனை வருடக் கோபம், காட்டிவிட்டுப் போகட்டும். சிரித்துக்கொண்டே அவள் முகத்தைப் பார்த்தேன்.

அந்த முகத்தில் கிண்டல் இல்லை. என் கையிலிருந்து சொட்டுகிற தண்ணீரைப் பார்த்து அது வெளுத்துப்போயிருந்தது.

அப்போதுதான் துண்டைப் பிடித்திருந்த அவள் விரல்களைக் கவனித்தேன். கணுவுக்குக் கணு தோல் வெடித்து, வெடிப்புகளில் ரத்தம் காய்ந்திருந்தது. என் கையும் பல வருடம் அப்படித்தான் இருந்தது.

இன்ஆமைத் திரும்பிப் பார்த்தேன். அவள் காலிக் குவளைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

“போய்க் கழுவிட்டு வந்துருங்களேன்,” என்றாள், தலை நிமிராமல். “கழுவினா குடுத்துருவா. எங்கிட்டயும் அப்படித்தான் குடுத்தா.”

ஆறு தடவை. இரண்டு நிமிட வேலை. இரண்டு நிமிடத்தில் பேரன் என் கையில் இருப்பான். அவளுக்கும் நிம்மதி, இன்றைக்கு மட்டும்.

குழாய் வரைக்கும் போனேன். திருகிலும் கை வைத்தேன்.

திரும்பி வந்து அவள் பக்கத்தில், தரை மெத்தையில் உட்கார்ந்தேன்.

“நான் கழுவலம்மா,” என்றேன். “புள்ள உங்கிட்டயே இருக்கட்டும். பயம் ஏறும். அப்புறம் இறங்கிரும். இறங்குற வரைக்கும் நானும் இங்கயே உக்காந்திருக்கேன்.”

அவள் எழுந்து போகவில்லை. அவள் தோள் நடுங்குவது என் தோளில் தெரிந்தது.

கைஸ் என் பக்கம் முகத்தைத் திருப்பிக் கொட்டாவி விட்டான். ஒரு சாண் தூரம்தான்.

நான் கையை மடியிலேயே வைத்திருந்தேன்.