முட்டிவலிப் புகார்

"அந்த ஆளோட நடத்தை சரியில்லைங்கய்யா" என்று வேலுத்தாய் ஆரம்பித்ததுமே, ஏட்டு நல்லமுத்து நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். வெளியே தடுப்புக் கம்பைப் பிடித்துக்கொண்டிருந்த கான்ஸ்டபிள் பிச்சைமணி அதை அப்படியே விட்டுவிட்டு ஜன்னலோரம் வந்து நின்றான். நடத்தை என்று வந்துவிட்டால் காக்கிச்சட்டைக்கும் காது நீளாதா என்ன!

போடிமெட்டுக்குச் சற்றுக் கீழே, மலைப்பாதையில் இருந்தது அந்தச் சோதனைச் சாவடி. தமிழ்நாட்டு அரிசி கேரளத்துக்குப் போகக்கூடாது என்று தடை இருந்த காலம். "இன்னும் ஒரு படி அரிசி மலை ஏறுச்சுன்னா, நீ ராமநாதபுரத்துக்கு இறங்குற. இனி ஆஸ்பத்திரி ஜீப்பா இருந்தாலும் குத்திப் பார்க்காம விடாதே" என்று இன்ஸ்பெக்டர் போன வாரம்தான் காய்ச்சிவிட்டுப் போயிருந்தார். அன்றிலிருந்து ஏட்டு குத்தூசியும் கையுமாக அலைந்தார். வைக்கோலைக் குத்தினார். பஸ்ஸில் வந்த தலையணையைக் குத்தினார். ஒரு கல்யாணப்பெண்ணின் சீர் மெத்தையைக்கூடக் குத்தி, மாமியார் வாயில் வாங்கிக் கட்டிக்கொண்டார். ஒரு மணி அரிசி சிக்கவில்லை.

இந்த எரிச்சலுக்கு நடுவே ஒரு நடத்தைப் புகார் வந்தால் யாருக்குத்தான் கசக்கும்?

"யாரும்மா அந்த ஆளு? விவரமாச் சொல்லு. கூச்சப்படாதே."

"வியாழக்கிழமை தோறும் கீழே ஆஸ்பத்திரியில இருந்து எங்க ஏலத்தோட்டத்துக்கு வாராரே, மிக்கேல்ராஜ். கை காலைப் பிடிச்சு நீட்டி மடக்கி விடுறவரு. பிசியோதெரபியாம்."

"பிடிச்சு விடுறவரா!" ஏட்டு பென்சில் முனையை நாக்கில் தொட்டுக்கொண்டார். "சரி. அப்புறம்?"

"காய் எடுக்கையில வழுக்கி விழுந்து எனக்கு முட்டி பெசகிருச்சுங்கய்யா. கட்டில்ல உக்காருன்னாரு. உக்காந்தேன்."

"ம்."

"கதவைச் சாத்துன்னாரு."

பிச்சைமணியின் மூக்கு ஜன்னல் கம்பிக்குள் நுழைந்தது.

"குளிருதாம். சாத்துனதும், கால் ரெண்டுலயும் ரெண்டு ரெண்டு கிலோ மணல் பையைக் கட்டிவிட்டு, 'இருபது தடவை தூக்கி இறக்கு'ன்னுட்டு டீ குடிக்கப் போயிட்டாருய்யா! எனக்கு உசுரே போயிருச்சு. எங்க லயத்துல வரிசையா இருக்குற பன்னெண்டு வீட்டுலயும் ஆளுக்கு ஆள் நொண்டுறோம். வேலைக்குப் போகலைன்னா புள்ளைகளுக்குக் கஞ்சி யாருய்யா ஊத்துவா?"

"அவ்வளவுதானா?"

ஏட்டுக்குச் சப்பென்று ஆகிவிட்டது. பிச்சைமணி தடுப்புக் கம்புக்கே திரும்பிப் போனான்.

போன கையோடு ஒரு ஜீப்பை நிறுத்தினான். ஓட்டி வந்தது சாட்சாத் மிக்கேல்ராஜ்தான். பின்சீட்டில் தடித்த கித்தான் துணியில் தைத்த பைகள், பதினைந்து.

ஏட்டு குத்தூசியை எடுத்துக்கொண்டு எழுந்தார். மிக்கேல்ராஜுக்கு முகம் வெளிறிப்போயிற்று.

"குத்துங்கய்யா! நல்லாக் குத்துங்க!" வேலுத்தாய் நொண்டிக்கொண்டே ஓடிவந்து, மேலே கிடந்த பையை இழுத்துத் தரையில் ஓங்கி அடித்தாள். தையல் விட்டு மணல் கொட்டியது. "எல்லாத்தையும் கிழிச்சுக் கொட்டுங்க. அப்பத்தான் இந்தாளுக்குப் புத்தி வரும்!"

"ஏட்டையா, இது வைத்தியம்!" மிக்கேல்ராஜ் கத்தினார். "ஒவ்வொரு பையும் எடை போட்டுத் தைச்சது. ஆஸ்பத்திரிச் சொத்து. கிழிச்சா நீங்கதான் எழுதிக் கொடுக்கணும்!"

"கட்டையில போற வைத்தியம்!"

"பாருங்க, மரியாதை இல்லாமப் பேசுறா!"

எழுதிக் கொடுப்பது என்றதுமே ஏட்டின் கை தாழ்ந்தது. அவருக்கு இன்னொரு யோசனையும் வந்துவிட்டது. மூன்று வருஷமாக இந்தக் குளிரில் நின்று நின்று அவருடைய வலது முட்டியும் ராத்திரியெல்லாம் குடைந்துகொண்டிருந்தது.

"ஏன் சார், இதைக் கட்டித் தூக்குனா நிஜமாவே வலி போகுமா?"

"போகும். ஆனா..."

ஆனாவாவது ஆவன்னாவாவது! ஏட்டு பெஞ்சில் உட்கார்ந்து, காலுக்கு ஒரு பையாகத் தானே கட்டிக்கொண்டு தூக்கி இறக்கினார். எட்டாவது தடவையில் முகம் மலர்ந்தது.

"அடடா, சுகமா இருக்கே! இந்தாம்மா, வைத்தியம்னா வலிக்கத்தான் செய்யும். படிச்ச மனுசன் மேல புகார் சொல்ல வந்துட்டே!" புகார்க் காகிதத்தைக் கசக்கி எறிந்தார். "சார், இந்தப் பொம்பளையை ஜீப்பிலேயே கொண்டுபோய் இறக்கிவிட்டுருங்க. ரெண்டு பை என்கிட்டயே இருக்கட்டும்."

"அந்த ஓட்டைப் பையைத் தைச்சுத் தந்துடறேனே, ஏட்டையா..." மிக்கேல்ராஜுக்கு வியர்த்து ஊற்றியது.

"ஓட்டையை நீங்களே வச்சுக்குங்க. எனக்கு நல்லதா இந்த ரெண்டு போதும்." சரியான கஞ்சன் என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே, ஏட்டு தடுப்பைத் தூக்கச் சொன்னார்.

ஜீப் எல்லை தாண்டி, தோட்டத்து லயத்தில் போய் நின்றது. வேலுத்தாய் ஒரே குதியாகக் குதித்து இறங்கினாள். நொண்டலைக் காணோம். பன்னிரண்டு வீட்டுப் பெண்களும் முறத்தோடு வெளியே வந்தார்கள்.

"ரெண்டு பை போச்சே, வேலுத்தாய்" என்று அங்கலாய்த்தார் மிக்கேல்ராஜ்.

"போனாப் போகுது சார். பாவம், ஏட்டையா முட்டி நல்லாகட்டும்" என்றபடி அவள் முதல் பையின் தையலைப் பிரித்தாள்.

அந்த மாதம் சோதனைச் சாவடியில் பிடிபட்ட அரிசி மொத்தமே நாலு கிலோதான். அதை ஏட்டு நல்லமுத்து காலையும் மாலையும் இருபது தடவை தூக்கி இறக்கிக்கொண்டிருந்தார்.