கழுத்தளவு

“இங்க வாம்மா, கழுத்தைக் காட்டு.”

டீச்சர் கூந்தலை முன்னால் இழுத்துவிட்டுக்கொண்டாள். நாத்தனார் மறுபடியும் இஞ்ச் டேப்பைக் கையில் எடுத்துவிட்டார்.

“நேத்துதானே அண்ணி அளந்தீங்க?”

“அது தப்பாப் போச்சு. பின்னினதை எல்லாம் பிரிச்சுட்டேன்.”

கால் எலும்பு முறிந்து, மாவுக்கட்டோடு தம்பி வீட்டுக்கு வந்திருந்தார் நாத்தனார். சும்மா உட்காரப் பிடிக்காமல், போனைப் பார்த்துக் குரோஷா பின்னல் கற்றுக்கொள்கிறேன் என்று ஊசியும் கையுமாகிவிட்டார். முதல் வேலையே தம்பி மனைவிக்கு ஒரு நெக் வார்மர். கழுத்தைச் சுற்றிக் கம்பளி நூலில் ஒரு பட்டை, ஓரத்தில் ஒரு பட்டன், அவ்வளவுதான். அதற்குள் டீச்சரின் கழுத்தை அவர் எத்தனை முறை அளந்தார் என்பதற்குக் கணக்கே இல்லை.

“நேரா நில்லு. ஆமை மாதிரி ஏன் கழுத்தை இழுத்துக்கறே?”

“கூசுது அண்ணி.”

கூசவில்லை. பயம்தான். இடது தாடைக்குக் கீழே, பட்டாணி அளவில் ஒரு கட்டி. குளிக்கும்போது ஒரு நாள் கையில் தட்டுப்பட்டது. அன்றிலிருந்து காலர் வைத்த சட்டை, முன்னால் தவழவிட்ட கூந்தல்.

டீச்சரின் அம்மாவுக்கும் அங்கேதான் ஆரம்பித்தது. அதன்பின் அம்மா அதிக நாள் இருக்கவில்லை. டாக்டரிடம் போனால் அதற்கு ஒரு பெயர் சொல்லிவிடுவார். அந்தப் பெயரைக் கேட்கிற தெம்பு டீச்சருக்கு இல்லை. கணவரிடம்கூட மூச்சு விடவில்லை.

நாத்தனார் காதில் விழுந்தால் கேட்கவே வேண்டாம். இந்த வீட்டில் பால் பொங்கி வழிந்த சேதிகூட, அடுப்பைத் துடைப்பதற்குள் சொந்தபந்தம் முழுக்கப் போய்விடும். அப்படிப்பட்ட வாய்.

டேப் கழுத்தைச் சுற்றியது. நாத்தனாரின் விரல் இடது பக்கம் வந்து நின்றது. டீச்சர் எச்சிலைக்கூட விழுங்கவில்லை.

“ம்... சரி, போ” என்றார் நாத்தனார்.

அலுவலகத்துக்குக் கிளம்பிய கணவர், செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்: “நாளைக்கு லீவு போட்டுடு. அக்காவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும். கட்டைக் காட்டணுமாம். அவளே போன் பண்ணி நேரம் வாங்கிட்டா.”

ஆஸ்பத்திரி என்ற சொல்லே டீச்சரை வியர்க்க வைத்தது. அண்ணியை உள்ளே அனுப்பிவிட்டு வாசலிலேயே நின்றுவிடலாம் என்று நினைத்துக்கொண்டாள்.

சாயங்காலம், பள்ளிக்கூடத்திலிருந்து வரும் வழியில் நூல் கடையில் ஏறினாள்.

“இதே கலர்ல இன்னொரு கண்டு கொடுங்க. பிரிச்சுப் பிரிச்சுப் பின்னி, நூலே நைஞ்சு போச்சு.”

“கால்ல கட்டுப் போட்டவங்களுக்கா? போன்லயே பேசி வாங்கினாங்களே” என்றாள் கடைக்காரப் பெண். “ஏன் பிரிக்கிறாங்க?”

“கழுத்தளவு சரியா வரலையாம். தினமும் அளக்கறாங்க.”

கடைக்காரப் பெண் சிரித்துவிட்டாள். “இதுக்கு எதுக்குங்க அளவு? நீளமா ஒரு பட்டை பின்னிட்டு, பட்டனை எங்க வேணும்னாலும் வெச்சுக்கலாம். அதனாலதான் புதுசாக் கத்துக்கறவங்களுக்கு முதல்ல இதைச் சொல்லித் தர்றோம். அவங்ககிட்டயும் அன்னிக்கே சொன்னேனே. ஒரு தடவைகூட அளக்க வேண்டாம்னு.”

டீச்சர் மிச்சக் காசைக்கூட வாங்காமல் கடையை விட்டு இறங்கினாள். அளவே வேண்டாம் என்று தெரிந்துமா தினமும் அளந்தார்?

வீட்டுக்கு எப்படி வந்து சேர்ந்தாள் என்று அவளுக்கே தெரியாது. நாத்தனார் ஜன்னலோரம் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். மடியில் நெக் வார்மர், முக்கால்வாசி முடிந்திருந்தது.

“அண்ணி, இதுக்கு அளவே வேண்டாமாமே.”

நாத்தனாரின் ஊசி நின்றது.

“எப்போ தெரிஞ்சுது உங்களுக்கு?” என்றாள் டீச்சர்.

“வந்த அன்னிக்கே. கட்டிப்பிடிச்சியே, அப்போ என் கன்னத்துல தட்டுச்சு.”

“கேட்டிருக்கலாமே.”

“கேட்டா ஒண்ணுமில்லைன்னு சொல்லியிருப்பே. அப்புறம் என் பக்கத்துலயே வந்திருக்க மாட்டே. பெருசாகுதான்னு தொட்டுப் பார்க்க எனக்கு வேற சாக்கு கிடைக்கலை.”

“பெருசாகுதா அண்ணி?”

நாத்தனார் நூலை விரலில் சுற்றிச் சுற்றி எடுத்தார்.

டீச்சர் அப்படியே தரையில் உட்கார்ந்தாள். “யார் யார்கிட்ட சொன்னீங்க?”

“யார்கிட்டயும் சொல்லலை. என் தங்கச்சிக்காரி தினமும் போன் பண்றா. வாயைத் திறந்தா வந்துடுமோன்னு, தூங்கற மாதிரியே படுத்துக்கிடக்கேன்.”

டீச்சருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. “எனக்கு ரொம்ப பயமா இருக்கு அண்ணி. நாளைக்கு உங்களை வாசல்ல இறக்கி விட்டுட்டு வந்துடறேன். என்னால உள்ள வர முடியாது.”

“நீ வராம எப்படி? நேரம் வாங்கினதே உன் பேர்லதான்.”

“அவர் உங்க கட்டைக் காட்டணும்னு சொன்னாரே?”

“அவன் காதுல அப்படி விழுந்துது, நானும் விட்டுட்டேன்” என்று அவள் தலையைத் தன் மடியோடு சேர்த்துக்கொண்டார் நாத்தனார். “நான் ‘கட்டியைக் காட்டணும்’னுதான்மா சொன்னேன்.”