வலதா, இடதா?

"கண்ணை மூடிக்கங்க. ஊசி முனையால லேசாக் குத்துவேன். வலது காலா, இடது காலான்னு மட்டும் சொல்லுங்க போதும்."

"அவ்வளவுதானே டாக்டர்? இதெல்லாம் நமக்கு ஜுஜுபி!" என்றபடி பஸ் டிரைவர் மேசைமேல் ஏறிப் படுத்தார்.

இருபத்தாறு வருட சர்வீஸ். சர்க்கரையால் அவர் பாதம் மரத்துப்போகிறது என்று டிப்போவில் எவனோ போட்டுக்கொடுத்ததால் வந்த வினை இது. இந்த டாக்டர் அம்மாள் கையெழுத்துப் போட்டால் நாளைக்கே ஸ்டியரிங். இல்லையென்றால் வீட்டோடு கிடக்க வேண்டியதுதான்.

தலைமாட்டில் நின்ற மனைவி அவருடைய இரண்டு தோள்களிலும் ஆறுதலாகக் கை வைத்திருந்தாள்.

"கால் நரம்பு முதுகுத்தண்டு வழியா மூளைக்குச் சேதி சொல்லணும். நடுவுல லைன் கட்டாச்சுன்னா, பிரேக்ல கால் இருக்கா இல்லையான்னே தெரியாது. உங்க பின்னாடி அம்பது பேர் உக்காந்திருப்பாங்க," என்றார் டாக்டர்.

"நம்ம லைன் பக்கா டாக்டர். நீங்க குத்துங்க."

குத்தினார்.

"வலது."

"ம்."

"இடது... மறுபடியும் இடது... இப்ப வலது."

பத்துக்குப் பத்து. ஒன்றுகூடப் பிசகவில்லை.

"பலே! நான்தான் அநாவசியமாப் பயந்துட்டேன்," என்று டாக்டர் சிரித்தார்.

டிரைவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. டிப்போவுக்குள் நுழைந்ததும் அந்தப் போட்டுக்கொடுத்தவன் முகத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

"வலது!" என்றார் உற்சாகமாக.

குரலை உயர்த்தினார்.

"டாக்டர், வலதுன்னேனே!"

"நான் ஊசியை வெச்சுட்டு வந்து சர்டிபிகேட் எழுதிட்டிருக்கேனே..." டாக்டரின் குரல் அறையின் மறுகோடியிலிருந்து வந்தது.

டிரைவர் திடுக்கிட்டுக் கண்ணைத் திறந்து மேலே பார்த்தார். மனைவியின் கண்கள் நிறைந்திருந்தன.

"மன்னிச்சிருங்க. நீங்க கெஞ்சினீங்கன்னுதான் ஒரு வாரமா உங்ககூட ஒத்திகை பார்த்தேன். ஆனா அந்த அம்பது பேரை நினைச்சா மனசு கேக்கலைங்க," என்றாள்.

அவளுடைய வலது கை இன்னமும் அவர் வலது தோளை அழுத்திக்கொண்டே இருந்தது.