கர்ஜனையார் கச்சேரி

மழைக்காலத்தின் முதல் மழை விட்ட சாயங்காலம், குளத்தின் நடுப்பாறையில் ஏறிப் பாடுவது கர்ஜனையார் என்ற பெரிய தவளையின் வழக்கம். ஒரு காலத்தில் குளத்தையே கிறங்க வைத்த குரல் அது.

இந்த வருஷமும் சொறித்தவளைதான் முதல் ஆளாக வந்து முன்வரிசையில் இடம் பிடித்தது. பக்கத்தில் மரத்தவளை வந்து உட்கார்ந்ததுமே சொறித்தவளை புலம்ப ஆரம்பித்துவிட்டது.

"ஆளு முடிஞ்சுட்டாருப்பா. போன வருஷமே மூச்சு வாங்குச்சு. பேசாம ஓய்வு எடுத்துக்கலாம்."

"இந்த வயசுல பாறை ஏறுறதே பெரிசு. சும்மா கேளேன்."

"கடைசிப் பாட்டுல அந்த உச்சஸ்தாயி வரும் பாரு, அங்க மானம் போகப்போகுது."

கர்ஜனையார் பாடினார். இரண்டு இடத்தில் வரி மறந்தார். ஒரு இடத்தில் இருமினார். பின்னால் யாரோ சிரிக்க, சொறித்தவளை திரும்பி முறைத்தது.

கடைசிப் பாட்டு வந்தது. உச்சஸ்தாயி நெருங்கியபோது கர்ஜனையார் வாயை மூடிக்கொண்டு, கூட்டத்தைப் பார்த்து இரண்டு கையையும் விரித்தார்.

அவ்வளவுதான். சொறித்தவளைக்கு என்ன ஆனதென்று அதற்கே தெரியவில்லை. துள்ளி எழுந்து, கண் பிதுங்க, கரை அதிர அந்த உச்சத்தைப் பிடித்தது. மொத்தக் குளமும் கூடவே கத்தியது. கர்ஜனையார் கும்பிட்டுவிட்டு இறங்கிப் போனார்.

மறுநாள் காலை மரத்தவளை கேட்டது.

"என்னப்பா, நேத்து நம்மாளு எப்படி?"

சொறித்தவளை வாயைத் திறந்தது. வெறும் காற்றுதான் வந்தது. இன்னும் கொஞ்சம் முக்கிப் பார்த்தது.

"நான்தான் சொன்னேன்ல," என்று கிசுகிசுத்தது. "அவருக்குக் குரல் சுத்தமாப் போச்சு."